போயிட்டாராம்

"பத்து வருசம்டி. பத்து வருசம் எங்கள வெச்சு நாடகம் ஆடிகினு கீற" என்று அம்சா கத்தியபோது நான் ஜெராக்ஸ் மிஷினுக்குப் பேப்பர் போட்டுக்கொண்டிருந்தேன். பேப்பர் போடும்போது பக்கத்தில் யாரும் கத்தக் கூடாது. கை ஆடினால் தாள் சாய்ந்து உட்காரும், உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். இதை அவளிடம் பொறுமையாகச் சொன்னேன். அவள் இன்னும் உரக்கக் கத்தினாள். அவளுக்குப் பின்னால் நின்ற கார்த்தி, "மொதல்ல மூஞ்சப் பாத்து பேசுக்கா" என்றான். ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் மாலை வண்டி வந்து நின்ற நேரம். இறங்கிய கூட்டத்தில் பாதி வீட்டுக்குப் போகாமல் என் கடை வாசலில் நின்றுவிட்டது. சண்டை பார்க்க நிற்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இத்தனை வருடமாக அந்த மாதிரிக் கூட்டத்தில் முதல் ஆளாக நிற்பவள் நான்தான்.

இன்ஸ்பெக்டர் மேடம், என் மேல் வந்த இந்த மனுவை எந்தப் பிரிவில் போடுவது என்றே தெரியவில்லை, நடந்ததை உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். எழுதுகிறேன். அடுத்தவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தே பிழைக்கிறவள், எனக்கு ஒன்று எழுதிக்கொள்ள மாட்டேனா. மூன்று பிரதி கொண்டுவருகிறேன்.

என் பெயர் துர்காதேவி. ஸ்டேஷன் ரோட்டில் ஜெராக்ஸும் ஆன்லைன் வேலையும் பார்க்கும் கடை என்னுடையது. ஜெராக்ஸ் எடுக்கிறவள் படிக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. தாளைக் கண்ணாடி மேல் கவிழ்க்கிற அந்த ஒரு நொடி எனக்குப் போதும். எந்த வீட்டுப் பெண்ணின் ஜாதகம் இருபதாவது பிரதி போகிறது, எந்த வீட்டுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது, யார் மார்க் ஷீட்டை மறைத்து மறைத்து நீட்டுகிறார்கள், எல்லாம் தெரியும். தெரிந்ததைச் சொல்லும்போது கடைசியில் ஓர் "ஆம்" சேர்த்துக்கொள்வேன். வந்துட்டாளாம். வித்துட்டானாம். அந்த "ஆம்" இருக்கிறதே, அது பெரிய வசதி. அதைச் சேர்த்துவிட்டால் சொன்னது நான் இல்லை, ஊர்.

உப்பங்கழி என்ற இசைக்குழுவைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை என்றீர்கள். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் உங்கள் ரைட்டர் மனுவைப் படித்ததும் "அந்த ஷஃபியுல்லாவா மேடம்" என்று எழுந்து நின்றார், கவனித்தீர்களா. அது அப்படித்தான். தெரியாதவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. தெரிந்தவர்கள் எழுந்து நிற்பார்கள்.

கோவளத்துப் பையன்கள் மூன்று பேர். ஷஃபியுல்லா கிட்டாரும் பாட்டும். ஞானதாஸ் டிரம்ஸ். பேஸ் கிட்டார் வாசித்த மூன்றாமவர் சீக்கிரமே ஒரு விபத்தில் இறந்துவிட்டார். 1999-ல் ஒரு கேசட், 2003-ல் ஒரு சிடி. 2006-ல் ஷஃபிக்கும் ஞானதாஸுக்கும் பேச்சுவார்த்தை நின்றது, அதோடு குழுவும் முடிந்தது. மொத்தமே பத்தொன்பது பாட்டு. அந்தப் பத்தொன்பதைக் கேட்டுத்தான் கிட்டாரைத் தூக்கினோம் என்று இன்றைக்குப் பேட்டி கொடுக்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்தப் பாட்டுகளில் நிலா கிடையாது, ரோஜா கிடையாது. உப்பு லாரி உண்டு. கரண்டு போன வீடு உண்டு. நாங்கள் வீட்டுக்குள் பேசி, வெளியே போனால் மறைக்கிற பேச்சு உண்டு. கிட்டார் சத்தம் தகரத்தைக் கிழிப்பது மாதிரி இருக்கும். முதல்முறை கேட்டபோது, மிக்ஸிக்குள் ஸ்பூன் விழுந்துவிட்டது என்று என் அம்மா ஓடிவந்தாள்.

கேசட்டை வாங்கியது நான். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். நானும் அம்சாவும் ஊரப்பாக்கத்தில் ஏறி செங்கல்பட்டுக்குக் காலேஜ் போவோம். என் வாக்மேன், என் கேசட், இயர்போனில் இடது எனக்கு, வலது அவளுக்கு. பரனூர் வருவதற்குள் அவள் அழுதுவிட்டாள். எனக்கும் அழுகை வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஒரே இயர்போனில் இரண்டு பேர் அழுதால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அதனால் நான் அடக்கிக்கொண்டேன். அம்சா எப்போதும் அப்படித்தான், எதையும் முதலில் செய்துவிடுவாள். இரண்டாவதாகச் செய்கிறவளுக்குப் பேர் இல்லை.

2003 ஜனவரியில் மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டல் புல்வெளியில் அவர்கள் கச்சேரி. சிடிக்காக ஒலிப்பதிவும் செய்தார்கள். முன்வரிசையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேர். அம்சா குள்ளம் என்பதால் என் இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்து ஒரு சாண் தள்ளி நின்றேன். கடைசிப் பாட்டில் ஷஃபி குனிந்து மைக்கை எங்கள் பக்கம் நீட்டினார். "கரை வந்தா சொல்லு, நான் தூங்கிகினு கீறேன்" என்ற வரியை நாங்கள் இருவரும் பாடினோம். இருவரும். சிடியில் கேட்கிறது ஒரே குரல். ஆறு நொடி. ரசிகர்கள் அதற்கு "ஆறு நொடி" என்றே பேர் வைத்துவிட்டார்கள். அம்சாவைப் பார்த்தால் முன்பின் தெரியாத பிள்ளைகள்கூட, "நீங்கதான அந்த ஆறு நொடி அக்கா" என்று கேட்டு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஒரு சாண் தூரம் மேடம். வேறொன்றும் இல்லை.

அம்சாவுக்குக் கல்யாணம் ஆகி இரண்டே வருடத்தில் முறிந்தது. அந்த வீட்டிலிருந்து வரும்போது சிடியை எடுத்துக்கொண்டாள், புருஷனை விட்டுவிட்டாள் என்று நான்தான் தெருவில் சொல்லி வைத்தேன். அது ஒரு தமாஷ்தான். அவளும் சிரித்தாள்.

இனி 2014. ஜனவரி முதல் வாரம், ஒரு காலை. தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் கடைக்கு வந்தார். பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்க ஊரப்பாக்கம் வந்தாராம், போர்டைப் பார்த்தாராம், ஆதாரில் விலாசம் மாற்ற வேண்டுமாம். அட்டையைக் கண்ணாடி மேல் கவிழ்த்தேன். ஷஃபியுல்லா. பழைய விலாசம் கோவளம். வாடகை ஒப்பந்தத்தில் புதிய விலாசம் வேடந்தாங்கலை ஒட்டி ஒரு கிராமம், உலகநாதன் என்பவர் வீட்டுப் பின்கட்டு, நவம்பர் முதல் தேதியிலிருந்து. நான் வாய் திறக்கவில்லை. இந்த வாய் மூடியிருந்தது என்று சொன்னால் எங்கள் தெருவில் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் மூடித்தான் இருந்தது. வேலை முடிந்ததும் "வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை அம்சா வந்தாள். ரொம்ப நாளாகவே அவள் ஷஃபியைத் தேடிக்கொண்டிருந்தாள். ஃபேஸ்புக்கில் ரசிகர் பக்கம் ஒன்று வைத்திருந்தாள். யாருக்காவது தகவல் தெரியுமா என்று வாராவாரம் கேட்பாள். என்னிடமும் கேட்டாள். நான் சொன்னேன்.

"ஷஃபி போயிட்டாராம்டி."

கோவளத்தை விட்டுப் போய்விட்டார் என்றுதான் சொல்ல வந்தேன். வேண்டுமானால் வாடகை ஒப்பந்தத்தைப் பாருங்கள். ஆனால் நம் பேச்சில் அந்தச் சொல் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். கடைத்தெருவுக்குப் போகிறவன்கூட "போறேன்" என்று சொன்னால் பின்னாலிருந்து ஒரு கை வந்து வாயை மூடும், "போயிட்டு வரேன்னு சொல்லு" என்பார்கள். அம்சா கவுண்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்ப?"

"ரெண்டு மாசம் ஆவுதாம்."

அதுவும் உண்மை. நவம்பர், டிசம்பர். அதற்குள் அவள் ஸ்டூலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். அழுகிறவளை நடுவில் நிறுத்தித் திருத்துவது நாகரிகமாக இருக்காது. கொஞ்சம் அடங்கட்டும், சொல்லலாம் என்று தண்ணீர் கொடுத்தேன். தண்ணீரைக் குடித்துக்கொண்டே போனை எடுத்து ரசிகர் பக்கத்தில் எழுதிவிட்டாள். எழுதினது அவள், நான் இல்லை. எட்டு மணிக்குள் நானூறு பேர் அழுதிருந்தார்கள். நானூறு பேரை எப்படித் திருத்துவது.

விசாரிக்கவில்லையா என்று கேட்பீர்கள். விசாரித்தார்கள். நான்கு பையன்கள் கோவளத்துக்கே போனார்கள். வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்கள், "அவுங்க இப்ப இல்லீங்க" என்றார்களாம். அந்த "இல்லீங்க"வுக்கும் நம் ஊரில் இரண்டு அர்த்தம். எதை எடுத்துக்கொள்வது என்று பையன்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. நியூசிலாந்திலிருந்து ஞானதாஸ் ஒரே வரி எழுதினார். "மன்னிச்சுக்கோ மச்சான், நான் தான் மொதல்ல பேசியிருக்கணும்." அதை ஆயிரம் பேர் பகிர்ந்தார்கள். நானும்தான்.

அடுத்த வருடத்திலிருந்து ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் கடற்கரையில் நினைவுக் கூட்டம். முதல் வருடம் பன்னிரண்டு பேர். போகப் போக உட்கார இடம் இல்லாமல் போனது. கேசட் வந்தபோது பிறந்தே இராத பிள்ளைகள் கேளம்பாக்கத்து ஃபிளாட்டுகளிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வருவார்கள். அதில் ஒருவன்தான் இந்தக் கார்த்தி. ஷஃபி எந்த விரலால் எந்தக் கம்பியைத் தொட்டார் என்று மணிக்கணக்கில் சண்டை போடுவான். பத்தொன்பது பாட்டையும் வரிசையாகப் பாடுவார்கள். கடைசியில் ஆறு நொடி வரும்போது எல்லோரும் வாயை மூடிக்கொள்ள, அம்சா மட்டும் பாடுவாள். நான் ஒவ்வொரு வருடமும் போனேன். பாட்டுத் தாள் ஜெராக்ஸ் என் செலவு.

வேடந்தாங்கலுக்கு நான் போனது முதல் கூட்டத்துக்கெல்லாம் முன்னால், அந்த 2014 ஜனவரியிலேயே. செங்கல்பட்டில் பஸ் ஏறிப் போனேன். ஊரில் அவருக்கு மைக் செட்டு பாய் என்று பேர். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஸ்பீக்கர் கட்டுகிற தொழில். ரசிகை என்று சொன்னதும் அந்த மனிதர் முகத்தில் வந்ததை நான் பார்த்தேன். உலகநாதனைக் கூப்பிட்டு, "இன்னா ஓனரே, பாத்தியா, எனக்கும் ஆள் கீது" என்று காட்டினார். உலகநாதன் நல்ல விவசாயி. உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். என்ன பாட்டு என்று கடைசிவரை அவர் கேட்கவில்லை.

ஷஃபி என்னை முதலில் கேட்ட கேள்வி, "இன்னும் யாராச்சும் கேக்குறாங்களாம்மா?"

"நான் கேக்குறேண்ணே" என்றேன்.

இதிலும் பொய் இல்லை. அவர் சிரித்து, "நீ ஒருத்தி போதும்மா" என்றார். மேடம், உங்களை யாராவது அப்படிச் சொல்லியிருக்கிறார்களா. நீ ஒருத்தி போதும் என்று. என் கல்யாணத்தில்கூட யாரும் சொன்னதில்லை. வாயில் வந்த மீதியை அப்படியே விழுங்கிவிட்டேன்.

மாதம் இரண்டு முறை போவேன். அவர் புதிதாகப் பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். பனிக்காலத்தில் ஏரியில் பறவைச் சத்தம் காதை அடைக்கும். "இதுங்களுக்கு ரிகர்சலே இல்ல பாரு, வந்து எறங்குன உடனே கச்சேரி" என்பார். அந்தச் சத்தத்துக்கு நடுவில் எனக்கு மட்டும் பாடுவார். ஐந்து வருடத்தில் பதினான்கு பாட்டு. பழைய பத்தொன்பதைவிட நல்ல பாட்டுகள். நான் ஒருத்திதான் இரண்டையும் கேட்டவள், என் பேச்சை நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும். எல்லாவற்றையும் என் போனில் பதிந்தேன். "நெட்ல போடும்மா, யாராச்சும் கேட்டா கேக்கட்டும்" என்றார். போட்டுவிட்டதாகச் சொன்னேன். அடுத்த மாதம், எத்தனை பேர் கேட்டார்கள் என்று விசாரித்தார். யாருமே இல்லை என்றால் நம்ப மாட்டார். நூறு என்றால் ஆசை வந்துவிடும். பதினொன்று என்றேன். அது எனக்கு நியாயமான எண்ணாகப் பட்டது.

"அதுல நீ எத்தினி வாட்டி?"

"ஆறு" என்றேன். ரொம்ப நேரம் சிரித்தார்.

ஞானதாஸைப் பற்றியும் கேட்பார், ஒவ்வொரு முறையும். அவர் அங்கே பெரிய வேலையில் இருக்கிறார், ரொம்ப பிஸி என்று சொல்வேன். பெரிய வேலையில் இருப்பது உண்மைதானே. ஷஃபியிடம் பட்டன் போன் ஒன்றுதான் இருந்தது. உறவு என்று கூடப் பிறந்த உம்மு சல்மா ஒருத்தி. அவர் பேரணாம்பட்டில் வாக்கப்பட்டவர். பெருநாளுக்கு ஒரு தடவை போனில் பேசிக்கொள்வதோடு சரி. ஆக, உலகத்துக்கும் அவருக்கும் நடுவில் ஒரு வாசல்தான் இருந்தது. அந்த வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

2019-ல் நான் ஒரு தவறு செய்தேன். அதை ஒத்துக்கொள்கிறேன். ஆறு நொடியைப் பற்றி அவரிடம் கேட்டுவிட்டேன். மைக்கை நீட்டினீர்களே, அங்கே இரண்டு பேர் நின்றார்களே, யார் குரல் அது என்று கேட்டேன். நானும் அங்கே இருந்தேன் என்று சொல்லவில்லை. அவராகச் சொல்லட்டும் என்று இருந்தேன். அவர் யோசிக்கவே இல்லை.

"அம்சா. முடிஞ்சதும் வந்து கையெழுத்து வாங்குனா. பேரு கேட்டேன். அந்தக் கொரல மறக்க முடியுமா. அவகூட இன்னொரு பொண்ணு இருந்தா, நெட்டையா, அவ பேரு கேக்கல." பிறகு கொஞ்சம் தயங்கி, "அம்சாவாச்சும் இன்னும் கேக்குறாளா, உனக்குத் தெரியுமா?" என்றார்.

நான் ஐந்தரை அடி, மேடம். ஐந்து வருடமாக அவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.

"கேக்குறதில்லண்ணே. அவளுக்கு இப்ப சீரியல்தான்" என்றேன்.

அன்று அவர் பாடவில்லை. அடுத்த முறையும் பாடவில்லை. அதற்கப்புறம் புதுப் பாட்டு எதுவும் வரவில்லை. அம்சா ஒருத்தி கேட்காததற்கு இவ்வளவு துக்கமா என்று எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. தினமும் கேட்கிறவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேனே.

கொரோனா முடிந்த வருடம் சர்க்கரை அவருடைய இரண்டு கண்ணையும் மூடியது. பிறகு கிட்னி. வாரம் இரண்டு முறை, செவ்வாயும் வெள்ளியும், செங்கல்பட்டில் டயாலிசிஸ். உலகநாதன் தன் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்குவார், நான் ஊரப்பாக்கத்திலிருந்து போய்ப் பக்கத்தில் உட்காருவேன். நான்கு மணி நேரம். இரண்டு வருடம் ஒருநாள்கூடத் தவறவில்லை, அங்கே யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். யாரோ ஒரு பாய்க்கு இப்படிச் செய்கிறாளே என்று எங்கள் தெருவில் என்னைப் புண்ணியவதி என்றார்கள். யார் அந்தப் பாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் அரை மணியில் கண்டுபிடித்திருப்பேன்.

ஒரே ஒருமுறை மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். உலகநாதனின் மருமகள் திண்பண்டம் வறுத்துக்கொண்டே போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் யாரோ ஒரு பெண் ஷஃபியின் பாட்டை கிட்டாரில் பாடினாள். பின்கட்டிலிருந்து அவர் சுவரைத் தடவிக்கொண்டு எழுந்து வந்தார். "அது என் பாட்டு. யாரு பாடுறது? ஏதோ சின்னப் பொண்ணு கொரல் மாரி கீது" என்றார். அந்த மருமகளுக்கு ஒன்றும் புரியவில்லை, அதற்குள் விரலால் தள்ளி அடுத்த ரீலுக்குப் போய்விட்டாள். நான் சொன்னேன், "நான்தாண்ணே அவ போன்ல போட்டுவிட்டேன். பாடினது எங்க பக்கத்து வூட்டுப் பொண்ணு. நான்தான் சொல்லிக்குடுத்தேன்." அவர் என் குரல் வந்த பக்கம் இரண்டு எட்டு வைத்தார். பிறகு என் தலை இருக்கும் இடத்தைத் தேடிக் கையை வைத்து, "நல்லா இரும்மா" என்றார்.

அந்த ஆசீர்வாதம் பலிக்கும் என்று நம்புகிறேன்.

2024 ஜனவரி ஏழாம் தேதி, ஞாயிறு. பத்தாம் ஆண்டு நினைவுக் கூட்டம். எழுநூறு பேர் இருக்கும். மேடை போட்டார்கள். கடல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு கார்த்தி கிட்டார் வாசிக்க, இந்த முறை அம்சா ஆரம்பித்துவைக்க எழுநூறு பேரும் "கரை வந்தா சொல்லு" என்று பாடினார்கள். மீன் வாங்க வந்தவர்கள்கூட நின்று கேட்டார்கள். நான் முழுதாக வீடியோ எடுத்தேன், நாற்பது நிமிடம். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. எல்லோரும் எடுத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, ஒன்பதாம் தேதி செவ்வாய், டயாலிசிஸ் முடிந்து ஆட்டோவுக்காகக் காத்திருந்தோம். அவர் கையை நான் பிடித்திருந்தேன். அவர் கேட்டார்.

"நிறுத்திடலாமா துர்கா? ஊசி ஊசியா குத்திக்கினு, இன்னாத்துக்கு. ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு எங்கியோ கேட்டுகினு கீறான்னு தெரிஞ்சாகூட இன்னும் கொஞ்ச நாளு இழுக்கலாம். நீ இன்னா சொல்ற?"

போன் என் கைப்பையில் இருந்தது. கண் தெரியாவிட்டாலும் காது நன்றாகக் கேட்கும் அவருக்கு. அமுக்கினால் போதும், எழுநூறு குரல். அதை நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். நன்றாக யோசித்தேன். அமுக்கினால் அந்தக் கூட்டத்தில் முதலில் கேட்கப்போகிற குரல் யாருடையது என்பதையும் யோசித்தேன். அந்த வரியை ஆரம்பித்துவைப்பது அவள்தான். கேட்டதும் இவர் அவளைக் கூப்பிடச் சொல்வார். அவள் வருவாள். வந்ததும் அழுவாள். நான் மோர் எடுத்துவந்து கொடுத்துக்கொண்டிருப்பேன்.

"உங்க இஷ்டம்ணே" என்றேன்.

வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். மூச்சு வாங்கும்போதும் நான்தான் சாய்த்துப் பிடித்தேன். பதினெட்டாம் தேதி முடிந்தது. அடக்கத்துக்கு ஒன்பது பேர், எல்லோரும் அந்தப் பக்கத்து ஜமாஅத் ஆட்கள். உம்மு சல்மா வந்து சேர்வதற்குள் மண் போட்டுவிட்டார்கள். வேறு யார் வருவார்கள். உலகத்துக்கு அவர் போய்ப் பத்து வருடம் ஆகியிருந்தது.

மிச்சம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மார்ச்சில் உம்மு சல்மா ஏதோ வாரிசு வேலையாக இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வந்தார். பேப்பர் வேலைக்கு துர்கா அக்காதான் சரி என்று உலகநாதன் அவரை என் கடைக்கே அழைத்துவந்துவிட்டார். நல்ல மனிதர்களால் வருகிற தொல்லை இதுதான். அந்த நேரம் பார்த்து கார்த்தி ஏதோ நோட்டீஸ் பிரதி எடுக்க நின்றிருந்தான். நான் தாளைக் கவிழ்ப்பதற்கு முன் அவன் படித்துவிட்டான். பெயர், நிரந்தர விலாசம் கோவளம், இறந்த நாள் 18.01.2024. "இன்னாக்கா இது, வருசம் தப்பா அடிச்சிருக்காங்க" என்றான். உம்மு சல்மா, "தப்பு இல்ல தம்பி, மவுத்தாகி ரெண்டு மாசந்தான் ஆவுது. பாவம், ஒரு மனுசர் கெடயாது, இந்தப் புள்ளதான் பாத்துக்கிட்டா" என்று என்னைக் காட்டினார். அரை மணியில் அம்சா வந்தாள். அவள் கத்தியதை மேலே எழுதியிருக்கிறேன். எழுதாததும் உண்டு. கத்தி ஓய்ந்து ஸ்டூலில் உட்கார்ந்து, ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"என்னப் பத்தி ஏதாச்சும் கேட்டாராடி?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். உண்மையைத்தான் சொன்னேன். கேட்டார், உன் பேரைச் சொல்லிக் கேட்டார், நீ சீரியல் பார்ப்பதாகச் சொன்னேன் என்றேன். அதற்கு அவள் என்னை அடிக்கவில்லை. அடித்துவிடுவாள் என்று கூட்டம் எதிர்பார்த்தது. எழுந்து போய்விட்டாள். எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

ஏப்ரலில் ஞானதாஸ் வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. கடைக்குள் வராமல் வாசலில் நின்றே கேட்டார். அவன் என்னைக் கேட்டானா என்றார். ஒவ்வொரு தடவையும் என்றேன். நீ என்ன சொன்னாய் என்றார். நீங்கள் பிஸி என்று சொன்னேன் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார். அம்சா குடையோடு பின்னால் போனாள்.

அந்தக் குடையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆகஸ்டில் சார்பதிவாளர் ஆபீஸில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அவருக்கும் அது இரண்டாம் கல்யாணம்தான். அக்டோபரில் ஆக்லாந்துக்குப் போய்விட்டார்கள். கார்த்தி கேளம்பாக்கத்தைக் காலி செய்துவிட்டு பெங்களூரில் சேர்ந்துவிட்டான். உம்மு சல்மா பேரணாம்பட்டுக்கே திரும்பினார், என்னைப் பற்றி எல்லாம் தெரிந்த பிறகும் பெருநாளுக்கு எனக்கு ஒரு போன் போட்டார், பேசாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு வைத்துவிட்டார். உலகநாதன் பின்கட்டை பறவை பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறாராம்.

உலகநாதன் சொல்லித் தெரிந்துகொண்ட அந்தப் பதினான்கு பாட்டுக்காகத்தான் ரசிகர்கள் இந்த மனுவைக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். என் போனைக் கேட்டீர்கள். இத்துடன் கொடுக்கிறேன். அதில் பாட்டு இல்லை. அம்சா கத்திவிட்டுப் போன அன்று மாலையே பதினான்கையும் அழித்துவிட்டேன், ஒவ்வொன்றாக, கடைசியாக ஒருமுறை கேட்டுவிட்டு. வேறெங்கும் பிரதி இல்லை. பிரதி எடுக்கிறவள் சொல்கிறேன், நம்பலாம். பாட்டு போய்விடவில்லை, எல்லாம் எனக்கு மனப்பாடம். என் குரலும் அவ்வளவு மோசம் இல்லை. ஜனவரிக் கூட்டத்துக்கு அம்சாவும் ஞானதாஸும் விமானம் ஏறி வருகிறார்களாம். புதுப் பாட்டு கேட்க வேண்டுமென்றால் என்னை மேடை ஏற்றித்தான் கேட்க வேண்டும். எப்போது வரச் சொல்வார்கள் என்று காத்திருக்கிறேன், இன்னும் ஒருவரும் கூப்பிடவில்லை. ஏற்பாட்டு மும்முரத்தில் மறந்திருப்பார்கள்.